செவிலியர்க்கு ஆசிரியராகும் வழி



செவிலி என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவியின் முகவாட்டத்தைக் கண்டு கவலையுறுபவள் அவள். தலைவி உடன்போக்கில் சென்றபின் சுரத்திடை வருவோரையெல்லாம் வினவித் தேடிச் செல்பவளும் அவளே. தான் பெறாத பிள்ளைக்காகத் துடிக்கும் அத்தாயின் பெயரை ‘நர்ஸ்’ என்னும் சொல்லுக்கு நிகராக வைத்தவர் யாராயினும், மொழியின் உள்ளம் அறிந்தவரே ஆவார்.

இன்று பல குடும்பங்களில் மகளோ மருமகளோ செவிலியராகப் பணியாற்றுகின்றனர். மகன்மாரும் இத்துறைக்கு வருகின்றனர். ஐந்தாண்டு, எட்டாண்டு வார்டில் உழைத்தபின் அவர்களுள் சிலர்க்கு, ‘இனிக் கற்பிக்கும் பணிக்குச் செல்லலாமா?’ என்னும் எண்ணம் எழுகிறது. ஓயாத இரவுப்பணியின் அயர்ச்சி சிலரை அவ்வாறு எண்ணச் செய்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கும் காலம் வேறு சிலரை எண்ணச் செய்கிறது. புதிதாக வந்த இளஞ்செவிலியர்க்குத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியே காரணமாக வருவோரும் உளர். எக்காரணத்தால் வந்தாலும், எந்தப் படிப்பை, எந்தத் துறையில், எந்தக் கல்லூரியில், எப்போது படிப்பது என்னும் கேள்விகள் உடனே வந்து நிற்கும். அவற்றுக்கு முன் வீட்டிலுள்ளோர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “எட்டு வருஷ அனுபவம் இருக்கிறதே, இதற்கு மேல் எதற்குப் படிப்பு?”

இக்கேள்வி புறந்தள்ளத் தக்கதன்று. அதற்குரிய விடையை ஒரு வார்டுக் காட்சியிலிருந்தே பெறலாம். நோயாளி ஒருவர்க்கு 500 மில்லி திரவத்தை நான்கு மணி நேரத்தில் நரம்பில் ஏற்றுமாறு மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பழகிய செவிலியர் குழாயின் உருளையைத் திருகுகிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், நிமிடத்துக்கு 42 சொட்டு என்று நிறுத்திவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறார். பக்கத்தில் நிற்கும் மாணவி, “எப்படி சிஸ்டர்?” என்று கேட்டால், “செய்யச் செய்ய வந்துவிடும்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. மாணவி தன் குறிப்பேட்டில் 42 என்று எழுதிக்கொள்கிறாள்.

மறுமாதம் அவள் வேறொரு மருத்துவமனைக்குச் செல்கிறாள். முன்னையது ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய். இங்குள்ளதோ 15 சொட்டே விழும் குழாய். சொட்டு பெரிதாகையால் நிமிடத்துக்கு 31 சொட்டுப் போதும். அவளோ 42 சொட்டு வைக்கிறாள். நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டிய திரவம் மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறது. உடல்வலிமை மிக்க இளைஞர் அதனைத் தாங்கிக்கொள்ளக் கூடும். இதயம் தளர்ந்த முதியவர்க்கு அம்மிகைவேகத்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரலாம்.

கற்பிக்கக் கற்றவர் இதே இடத்தில் வேறுவகையாக நடந்துகொள்வார். முதலில் குழாயின் உறையை மாணவியின் கையில் கொடுத்து, மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொல்வார். 500-ஐ 20-ஆல் பெருக்கி, நான்கு மணி நேரத்துக்குரிய 240 நிமிடங்களால் வகுக்கச் செய்வார். பின்னர் 15 சொட்டுக் குழாயைக் கொடுத்து மீண்டும் கணக்கிடச் சொல்வார். இறுதியாக, “இந்த நோயாளிக்கு வேகமாக ஏறினால் என்ன ஆகும்? முதலில் எந்த அறிகுறியைக் காண்பாய்?” என்று வினவுவார். முன்னவரும் இவரும் செவிலிப் பணியில் ஒரே திறமுடையவர்களாக இருக்கலாம். ஆயினும் மாணவியின் கைக்கு வந்து சேர்ந்த பொருள் வேறு.

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியரது இலக்கணத்தைக் கூறியதோடு நில்லாமல், ஆசிரியர் ஆகத் தகாதார்க்கும் உவமைகள் வகுத்தார். அவற்றுள் ஒன்று கழற்குடம். குடத்தில் கழற்காய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாலும், கவிழ்க்கும்போது அவை போட்ட முறையில் வருவதில்லை. முன்னது பின்னதாய் உருண்டு விழும். கற்றதை முறைப்படுத்திச் சொல்லத் தெரியாதவர் நிலை அத்தகையது. மற்றொன்று பருத்தி அடைத்த குண்டிகை. அதனுள் பருத்தியை அடைப்பதும் கடினம். சிறிது சிறிதாகப் பிடுங்கி வெளியே எடுப்பதும் கடினம். நன்கு பணிசெய்யத் தெரிந்தும் சொல்லித்தர வாராத மூத்த செவிலியரைக் கண்டவர்க்கு இவ்வுவமைகளின் நுட்பம் விளக்காமலே விளங்கும். அமெரிக்கச் செவிலிய அறிஞர் பாட்ரிசியா பென்னர், புதியவர் படிப்படியாக வல்லுநர் ஆகும் நிலைகளை ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட நூலும் இதற்கு அணித்தான கருத்தையே கூறுகிறது. தொடக்கநிலையினர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடப்பர். வல்லுநரோ விதிகளை நினையாமலே செயற்படுவர். நினையாமல் செய்வதைப் பிறர்க்கு எடுத்துரைப்பது எளிதன்று. தாம் கடந்து வந்த படிகளை மீண்டும் எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டப் பழக வேண்டும். கற்பிக்கும் செவிலியர்க்கு உரிய மேற்படிப்பின் உயிர்நிலை இதுவே.

இவ்வுண்மை உலகுக்குப் புலப்படச் சில காலம் ஆயிற்று. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப்பள்ளி தொடங்கியது 1860-இல். சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப்பள்ளி 1871-இல் தோன்றியது. அக்காலத்தில் வார்டை நடத்தியவரே கற்பிக்கவும் செய்தார். செவிலியர் ஆசிரியர்க்கெனத் தனிப் படிப்பு வேண்டும் என்னும் எண்ணம் செயல்வடிவம் பெற்றது, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் 1899-இல் ஆகும். அங்கே 1907-இல் அடிலெய்டு நட்டிங் பேராசிரியராக அமர்ந்தார். உலகில் பேராசிரியர் பதவி பெற்ற முதற் செவிலியர் அவரே. மருத்துவக் கல்லூரியில் அன்றி ஆசிரியர் கல்லூரியில் அப்படிப்பு தொடங்கியது கருதத்தக்கது. இந்தியாவில் 1946-இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர்க்கான பட்டப்படிப்புத் தொடங்கியது. முதுநிலைப் படிப்பு 1959-இல் தில்லிக் கல்லூரியில் வந்தது.

இனி நடப்பு நிலைக்கு வரலாம். ஜி.என்.எம். என்னும் மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர் நேரே எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர இயலாது. இரண்டாண்டுப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து வருதல் வேண்டும். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்க்கு அத்தடை இல்லை. இருசாராரும் பட்டப்படிப்பில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நர்சிங் கவுன்சில் பதிவும், ஓராண்டுப் பணியனுபவமும் உடையவராதல் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள விதி. அக்கவுன்சில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்தது. அதற்கு மாற்றாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைப்பதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் இயற்றியுள்ளது. ஆதலின் பக்கத்து வீட்டார் ஐந்தாண்டுகளுக்கு முன் சேர்ந்த கதையைக் கேட்டு முடிவு செய்யாமல், விண்ணப்பிக்கும் ஆண்டில் நடப்பிலுள்ள விதியை நேரில் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாண்டுப் படிப்பு. நர்சிங் கல்வி, உயர்நிலைச் செவிலிய நடைமுறை, ஆராய்ச்சியும் புள்ளியியலும், நர்சிங் மேலாண்மை ஆகியவை எல்லார்க்கும் பொது. இவற்றோடு தாம் தெரிந்தெடுத்த சிறப்புத்துறையை ஈராண்டும் பயின்று, ஆய்வேடும் அளித்தல் வேண்டும். நர்சிங் கல்வி என்னும் பாடத்தில்தான் பாடத்திட்டம் வரைதல், செய்துகாட்டிக் கற்பித்தல், வினாத்தாள் அமைத்தல், மாணவியின் திறனை அளவிடுதல் ஆகியவை வருகின்றன. பலர் இதனைத் தேர்வுக்குரிய பாடங்களுள் ஒன்றாக மட்டும் எண்ணிச் சிறப்புத்துறைக்கே முழு நேரத்தையும் கொடுத்துவிடுகின்றனர். ஆசிரியராக விரும்புவோர் அவ்வாறு செய்வது, வீடு கட்டப் புகுந்தவர் கதவுக்கு மட்டும் தேக்கு தேடி அலைந்து கடைக்காலை மறப்பது போன்றது.

பி.எஸ்சி. பட்டமும் ஓராண்டு அனுபவமும் கொண்டு டியூட்டர் பணியில் சேர விதி இடந்தருகிறது. உதவிப் பேராசிரியர் நிலை முதல் முதல்வர் பதவி வரை எம்.எஸ்சி. இன்றி ஏற இயலாது. டியூட்டராக ஓராண்டு, ஈராண்டு இருந்து பார்த்துப் பின் மேற்படிப்புக்குச் செல்வது அறிவுடைய செயல். கற்பிக்கும் பணியென்றால் மின்விசிறியின்கீழ் அமர்ந்து பாடம் சொல்வது என்று எண்ணியிருந்தோர்க்கு அப்போது உண்மை விளங்கும். காலையில் மாணவியரை அழைத்துக்கொண்டு வார்டுக்குச் செல்பவர் டியூட்டரே. ஆசிரியர் ஒருவர்க்குப் பத்து மாணவியர் என்பது விதி. அப்பதின்மரும் வெவ்வேறு படுக்கைகளருகே நிற்பர். ஒருத்தி ஊசி மருந்து எடுப்பாள். ஒருத்தி புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். இன்னொருத்தி மயங்கி விழும் நிலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அனைவர்மீதும் கண் வைக்க வேண்டும். தவறு நேர்வதற்கு ஒரு நொடி முன் கையைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். நோயாளி அஞ்சாதபடி அதனைச் செய்யவும் வேண்டும்.

எப்போது மேற்படிப்புக்குச் செல்வது? விதி கேட்பது ஓராண்டு அனுபவம். அது போதாது என்பதே இத்துறையை அணுகிப் பார்த்தவர் முடிவாக இருக்க முடியும். முதலாண்டில் செவிலியர் தம் அச்சத்தோடு போராடிக்கொண்டிருப்பார். மூன்று நான்கு ஆண்டுகளில் நோயின் போக்கை முன்கூட்டி உணரும் கண் உண்டாகும். சுற்றத்தாரை ஆற்றுவதும், மருத்துவரிடம் துணிந்து ஐயம் எழுப்புவதும் அப்போதுதான் கைவரும். அவற்றையெல்லாம் காணாமல் நேரே வகுப்பறைக்குள் புகுபவர் நூலில் உள்ளதையே மாணவியர்க்குத் திரும்பச் சொல்வார். மற்றொரு பக்கம், பதினைந்து ஆண்டு கழித்துச் செல்வோர்க்குப் புள்ளியியலும் ஆய்வேடும் மலையாகத் தோன்றும். குடும்பப் பொறுப்பும் பெருகியிருக்கும்.

துறையைத் தெரிவு செய்யும் இடத்தில்தான் மிகுதியான பிழை நேர்கிறது. பொது மருத்துவமும் அறுவையும், குழந்தைநலம், மகப்பேறும் மகளிர் நோயும், மனநலம், சமுதாயநலம் என ஐந்து சிறப்புத்துறைகள் உள்ளன. ஆறாண்டு பிரசவ வார்டில் இருந்தவர், இடம் காலியாக உள்ளது என்னும் ஒரே காரணத்தால் வேறொரு துறையில் சேர்ந்துவிடுவதைக் காண்கிறோம். அவருடைய ஆறாண்டு அறிவு அங்கே பாதி பயனின்றிப் போகிறது. பிரசவ வலியின் இடைவெளியைக் கைவைத்து அறியவும், குருதிப்போக்கு மிகுவதை முதலிலேயே காணவும் பழகியவர் அவர். அப்பழக்கம் எந்த நூலிலும் கிடையாது. அதனை மாணவியர்க்குத் தருவதற்கே அவர் பிறந்தவர் போல் இருப்பார். ஆதலின் நெடுநாள் நின்ற வார்டே பெரும்பாலோர்க்கு உரிய துறை.

இதற்கு விலக்கும் உண்டு. பொது மருத்துவம்–அறுவைத் துறையில் எல்லாக் கல்லூரிகளிலும் வேலை கிடைக்கும் என்று கருதி அதிலேயே கூட்டம் சேர்கிறது. மனநலத் துறையைப் பெற்றோர் அஞ்சுகின்றனர். “பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலா என் மகள் படிப்பது?” என்று கேட்ட தந்தையரும் உளர். கீழ்ப்பாக்கத்து மனநலக் காப்பகம் 1794-இல் தோன்றியது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வச்சம் நீங்கவில்லை. ஆயினும் பயிற்சிக்குச் செல்லும் மாணவியர் மிகவும் அஞ்சி நடுங்கும் வார்டு அதுவேயாதலால், அமைதியான, அன்புள்ள ஆசிரியர் மிகவும் தேவைப்படும் வார்டும் அதுவே. பேச்சில் பொறுமையும் கேட்பதில் ஈடுபாடும் இயல்பாக உடையவர் அத்துறையைத் தயங்காமல் தேரலாம். சமுதாயநலத் துறை ஊர்ப்புறத்துத் துணைச் சுகாதார நிலையங்களோடு தொடர்புடையது. வீடுவீடாகச் சென்று பேசும் இயல்பினர்க்கு அது பொருந்தும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஊறியவர்கள் சிலர் படுக்கையருகை விட்டு நீங்க மனமில்லாதவர். அவர்கட்கெனத் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் இரண்டாண்டு உறைவிடப் பயிற்சிமுறை முதுநிலைப் படிப்பு வந்துள்ளது. அது உயர்நிலை மருத்துவப்பணிக்கு ஆயத்தப்படுத்துவது. அதன் நோக்கம் கல்லூரி ஆசிரியரை உருவாக்குவது அன்று. ‘இரண்டும் முதுநிலைதானே’ என்று ஒன்றை எண்ணி மற்றொன்றில் சேர்வோர் பின்னர் வருந்துவர்.

அமெரிக்காவில் குடியேறிப் பணிபுரியும் செவிலியர்க்கு வழி சற்று வேறு. அங்கே முதுநிலைப் படிப்பிலேயே செவிலியர் ஆசிரியர்க்கெனத் தனிப்பிரிவு உண்டு. அதற்குமேல் முனைவர் பட்டம் இருவகை: பிஎச்.டி. ஆராய்ச்சிக்குரியது, டி.என்.பி. நடைமுறைப் பணிக்குரியது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியோடு நிலைக்க விரும்புவோர்க்கு முன்னதே பொருந்தும். எழுத்துப்பாடங்களை இணையவழியில் படிக்க இயலுமாயினும், கற்பிக்கும் பயிற்சியை நேரில்தான் முடித்தல் வேண்டும். பின்னாளில் தாயகம் திரும்பிக் கற்பிக்க எண்ணுவோர், அங்குப் பெறும் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்பதைச் சேரும் முன்னரே கேட்டறிதல் நலம்.

கல்லூரியைத் தெரிவு செய்யும்போது கட்டடத்தின் பளிங்குத் தரையைப் பார்த்து மயங்கலாகாது. அக்கல்லூரிக்குச் சொந்தமான மருத்துவமனை உண்டா, அதில் உண்மையாகவே நோயாளிகள் படுத்திருக்கின்றனரா என்று முதலில் காண வேண்டும். காலை பத்து மணிக்கு வார்டுக்குள் ஒருமுறை நடந்து வந்தால் போதும். விளம்பரம் மறைப்பதைப் படுக்கைகள் காட்டிவிடும். முதுநிலை மாணவர் எத்தனை வகுப்புகள் எடுக்கின்றனர், அவ்வகுப்பில் பேராசிரியர் பின்னால் அமர்ந்து கேட்டுக் குறை சொல்கின்றாரா, ஆய்வேட்டுக்கு வழிகாட்டுபவர் வாரம் ஒருமுறையேனும் கிடைப்பாரா என்பனவற்றை அங்கே படிக்கும் மாணவரிடமே கேட்கலாம். கவுன்சிலின் ஏற்பும் பல்கலைக்கழக இணைப்பும் அவ்வாண்டுக்கு உண்டா என்று பார்ப்பது தவிர்க்கலாகாதது. தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. நர்சிங் தருவதாக எவரேனும் சொன்னால் அவ்வழி போகாதிருப்பதே நல்லது. கவுன்சில் அதனை ஏற்பதில்லை.

இன்னொன்றையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். “நீங்கள் தினமும் வர வேண்டியதில்லை, வேலையை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு வந்தால் போதும், வருகைப்பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கூறும் கல்லூரிகள் இருக்கின்றன. பணமுடையில் இருக்கும் குடும்பத்துக்கு அது அருள்வாக்குப் போலவே தோன்றும். சம்பளமும் நிற்காது, பட்டமும் வரும். அவ்வாறு பட்டம் பெற்றவரைத் தேடிப் பின்னர் வேறொரு அழைப்பு வரும்: ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் ஆசிரியராக வந்து நின்றால் போதும், அதற்கு ஒரு தொகை. இரண்டாவதை மறுக்கும் வலிமை முதலாவதை ஏற்றவர்க்கு இராது. பதிவேட்டில் மட்டும் ஆசிரியர் இருக்கும் கல்லூரியில் சொட்டுக் கணக்கைக் கேட்டுத் தெளிய ஆளின்றி ஒரு மாணவி வெளியேறுவாள். நாளை இந்த அவையில் உள்ளவர்களுள் ஒருவர்க்கே அவள் திரவம் ஏற்ற நேரலாம்.

நேர்வழியில் செல்வோர்க்குச் செலவு கூடுதல் என்பது மெய். ஈராண்டுச் சம்பளம் நிற்கும்; கட்டணம், விடுதி, ஆய்வேட்டுச் செலவு எனப் பலவும் சேரும். படித்து முடித்தபின் தனியார் கல்லூரி தரும் தொடக்க ஊதியம், வெளிநாட்டு மருத்துவமனை தருவதன் அருகே நிற்காது. ‘இதற்கா இவ்வளவு?’ என்று கேட்கும் கணவரும் மாமியாரும் கொடியவர் அல்லர். அவர்கள் கணக்கும் கணக்கே. ஆதலின் சேர்க்கை முடிந்தபின் அறிவிப்பதைவிட, ஓராண்டுக்கு முன்னரே வீட்டில் அமர்ந்து பேசிவிடுவது நல்லது. கைக்குழந்தையை யார் பார்ப்பது, கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டில் அடையும், அரசுப்பணியில் இருப்பவராயின் விடுப்பு விதி என்ன என்பவற்றை எழுதி வைத்துப் பேசினால், பாதிச் சண்டை எழாமலே போகும். மகள் படிக்கட்டும் என்று பேரக்குழந்தையை ஈராண்டு வளர்த்துத் தரும் பாட்டிமார் இவ்வூர்களில் குறைவில்லை. செவிலித்தாய் என்னும் பெயர் அவர்கட்கும் பொருந்தும்.

முதுநிலையோடு நிற்பதா, முனைவர் பட்டத்துக்கும் செல்வதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. மூன்று நான்கு ஆண்டு கற்பித்தபின் மனத்தில் தானே ஒரு வினா எழுந்து அரித்துக்கொண்டிருக்குமானால், அப்போது ஆராய்ச்சிக்குப் போகலாம். வினா இல்லாமல் பட்டத்துக்காக மட்டும் செய்யும் ஆராய்ச்சி இருதரப்பார்க்கும் சுமை.

விண்ணப்பக் காலம் வரும் முன்னரே பழைய பணியிடங்களிலிருந்து அனுபவச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது அறிவுடைமை. சில மருத்துவமனைகள் அதனைத் தர மாதக்கணக்கில் அலைக்கழிக்கும். கவுன்சில் பதிவு காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு இடையே, தம் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவியருள் இருவரை அழைத்து, ஏதேனும் ஒரு செயல்முறையை, சொட்டுக் கணக்கையே ஆயினும், முறையாகச் சொல்லித்தந்து பார்க்கலாம். மறுநாள் அவர்கள் அதனைத் தாமே செய்யும்போது குறுக்கே கை நீட்டாமல் பக்கத்தில் நிற்க முடிகிறதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொண்டு, அதன்பின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பலாம்.